களைப்பு அல்ல, கொழுப்பு

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகளும் உங்கள் தம்பியும் நலம். உங்கள் நலமும், அண்ணனின் முட்டிவலி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் போன் செய்து இருபத்து மூன்று நிமிடம் பேசினீர்கள். அதில் என் பங்கு, ஆரம்பத்தில் ஒரு 'ஹலோ', நடுவில் ஒரு 'அது வந்து அண்ணி'. பிறகு நீங்களே வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் இடையில் யாரும் வெட்ட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். பதிவேட்டு அறையில் பதினெட்டு வருடமாக எழுத்தர் வேலை பார்ப்பவள் நான். எதையும் வரிசைப்படி, ஆதாரத்தோடு எழுதித்தான் பழக்கம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பொருள்: உங்கள் தம்பியின் கண்ணுக்குக் கீழே இருந்த இரண்டு பைகளும், அவை எடுக்கப்பட்டதும், அதன்பின் நிகழ்ந்தவையும்.

அண்ணி, நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "என்னடா இது, கண்ணுக்குக் கீழ இப்படிப் பை தொங்குது, தூங்கறியா இல்லையா?" என்று கேட்பீர்கள். கேள்வி அவருக்கு. பார்வை எனக்கு. இதற்கு நான் ஒருமுறைகூட பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் தம்பி ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறரைக்குத்தான் எழுவார். ஞாயிறு என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தனி. மேல் வீட்டுக்காரர்கள் சுவரை இடித்து மூன்று மாதம் வேலை பார்த்தார்கள். எல்லாம் முடிந்து பெயிண்டும் அடித்த பிறகு ஒருநாள் இவர் மாடியைப் பார்த்து, "அங்க ஏதோ வேலை ஆரம்பிக்கப்போறாங்க போல" என்றார். அப்படித் தூங்குகிற மனிதர். ஆனால் முகத்தைப் பார்த்தால் ஒரு வாரமாக யாரோ உட்காரவே விடாமல் விரட்டின மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். அடுத்ததாக என்னைப் பார்ப்பார்கள்.

இவர் வேறு எந்தக் கடையில் வேலை பார்த்திருந்தாலும் இந்த முகத்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. மெத்தைக் கடையில் பார்க்கிறார். வருகிறவர்களிடம், "சார், இதுல படுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல தூக்கம், காலையில புது ஆளா எழுந்திருப்பீங்க" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வாய்க்கு இரண்டு அங்குலம் மேலே அந்த இரண்டு பைகள். கேட்கிறவர்கள் மெத்தையைப் பார்ப்பதில்லை, இவரையே பார்ப்பார்கள். ஒரு தடவை வயதான அம்மா ஒருவர் ஸ்பிரிங் மெத்தையை விசாரிக்க வந்தவர், இவர் விளக்கி முடிப்பதற்குள், "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா, முதல்ல நீ கொஞ்சம் படு" என்றிருக்கிறார். வாடிக்கையாளர் சொன்னால் தட்டக்கூடாது என்பது கடையின் விதி. படுத்தார். தூங்கிவிட்டார். வாசல் கண்ணாடிக்கு உள்ளே, தெருவே பார்க்கும்படி, விலைச்சீட்டு நெற்றியில் உரச உரச, நாற்பது நிமிடம். அந்த அம்மா, "இவ்வளவு களைச்ச ஆளே அசந்து தூங்கறான்னா நல்ல மெத்தைதான்" என்று அதையே வாங்கிக்கொண்டு போனார். மெத்தையை வண்டியில் ஏற்ற வந்தவர்கள்தான் இவரை எழுப்பினார்கள். மேனேஜருக்கு விற்பனை கண்ணில் படவில்லை, தூக்கம்தான் பட்டது. அவருக்கு வயது முப்பத்து நாலு. "சார், மெத்தை விக்கற ஆளோட மூஞ்சியில தூக்கம் தெரியக்கூடாது, தூங்கினது தெரியணும்" என்று சொல்லி, இவரைக் கடையின் கோடியில் தலையணை உறை பக்கம் மாற்றிவிட்டார். அங்கே யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் கழிவறைக்கு வழி கேட்கத்தான் வருவார்கள்.

இந்த இடத்தில் உங்கள் தம்பிக்கு ரோஷம் வந்தது. நானும் மகளும் அதற்கு முன்பு பார்த்ததில்லை என்பதால் முதலில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டார். அப்படியே தூங்கிப்போய், ஒன்று முதுகுக்கு அடியில் மறுநாள் கிடைத்தது. உருளைக்கிழங்கு வைத்தார். ஊறின டீத்தூள் பையை வைத்தார். கண்ணுக்குக் கீழே பையைக் குறைக்கப் பைக்கு மேல் பை வைக்கிறாரே அப்பா என்று மகள் என்னிடம் கேட்டாள். ஸ்பூன்களை ஃப்ரீசரில் வைத்து ஒத்தடம் கொடுத்தார். ஒருநாள் ஸ்பூன் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தோம். பை அப்படியே இருந்தது.

கடைசியில் மகள்தான் அந்த டாக்டரைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நானும் கூடப் போனேன். அமைதியான டாக்டர், சின்ன டார்ச் வைத்திருந்தார். இவரை மேலே பார், கீழே பார் என்று சொல்லி, விரலால் பையை இரண்டு முறை மெல்ல அழுத்திப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "டாக்டர், இவர் நல்லாத் தூங்கறவர், நான் ஒண்ணும் பண்றதில்ல" என்றேன். அவர் சிரிக்காமல், "தெரியுதும்மா. இது களைப்பு இல்ல. கொழுப்பு" என்றார். அண்ணி, இருபத்து நான்கு வருடம் நான் மனசுக்குள் மட்டுமே வைத்திருந்த வார்த்தையை, படித்த ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னார். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். கண்ணைச் சுற்றி எல்லோருக்குமே கொஞ்சம் கொழுப்பு இருக்குமாம், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஜவ்வு தளர்ந்தால் முன்னால் தள்ளிக்கொண்டு வருமாம். "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். உங்கள் தம்பி உடனே, "எங்க அக்காவுக்கு இருக்கு" என்று சொல்லி, போனில் உங்கள் படத்தை எடுத்துக் காட்டினார். நான் காட்டவில்லை. டாக்டர் இரண்டு விரலால் உங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். "அப்படியே அச்சு. பரம்பரைக் கொழுப்பு" என்றார். இவை டாக்டரின் சொற்கள். நான் ஒரு கமாகூடச் சேர்க்கவில்லை. அதற்குமேல் உங்கள் படத்தைப் பார்த்து அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, அண்ணன் படிக்கக்கூடும்.

மூன்று வழி சொன்னார். ஒன்று, ஒன்றும் செய்யாமல் விடுவது, இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு, பைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஊசி போட்டு நிரவுவது, ஆனால் அது கரைந்துபோகும், திரும்பப் போட வேண்டும். மூன்று, இமைக்கு உள்பக்கமாகச் சின்னதாகக் கீறி அந்தக் கொழுப்பை எடுப்பது. வெளியே தழும்பு தெரியாது. "அவசரமே இல்ல, யோசிச்சு வாங்க" என்றார். வெளியே வந்ததும் இவர் என்னிடம், "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். "எனக்கு இந்த மூஞ்சி பழகிப்போச்சு, உங்க இஷ்டம்" என்றேன். ஒரு செருப்பு வாங்க மூன்று கடை நான்கு வாரம் அலைகிறவர் இதை எப்போது முடிவு செய்யப்போகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "பண்ணிக்கறேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். பேருந்தில் ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெண்மணி எழுந்து இவருக்கு இடம் கொடுத்தாராம். "நீங்க உக்காந்தீங்களா?" என்றேன். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, "உக்காந்தேன்" என்றார்.

உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் நான் இல்லை. "அக்காவுக்குச் சொன்னா அழுவா, அழுதா அவளுக்கும் வீங்கும்" என்று சொன்னவர் அவர்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். அதன்பிறகு நடந்ததுதான் கஷ்டம். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், கன்றிப்போகும், வீங்கும், பயப்படாதீர்கள் என்று. மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஆறாம் நாள் பச்சை. எட்டாம் நாள் மஞ்சள். இவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு டீச்சர் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பார்த்து, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். ஆபரேஷன் என்று சொல்ல இவருக்கு வெட்கம். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றிருக்கிறார். "ரெண்டு கண்ணுமா?" "ரெண்டு கதவு." அன்றைக்கே டீச்சர் என்னை மாடிப்படியில் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்மா. கோபம் எல்லாருக்கும் வரும். கை நீட்டறது மட்டும் வேணாம்" என்றார். நான் ஆபரேஷன் என்றேன். அவர் தலையை ஆட்டி, "சொல்ல வேணாம்மா, எனக்குப் புரியும்" என்றார். இருபத்து நான்கு வருடம் தூங்கவிடாதவள் என்று பெயர். எட்டே நாளில் அடிக்கிறவளாகப் பதவி உயர்வு.

குனியக்கூடாது, கனமான பொருள் தூக்கக்கூடாது, தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது இரண்டு வாரத்துக்கு. உங்கள் தம்பி அதில் குனியக்கூடாது என்பதை மட்டும் ஆறு வாரத்துக்கு நீட்டிக்கொண்டார். ஆனால் அந்த ஆறு வாரத்துக்குள் வீக்கம் முழுக்க வடிந்து, உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது அண்ணி. நல்ல முகம்தான். பளிச்சென்று, நேற்றுதான் திறந்து வைத்த கட்டடம் மாதிரி. ஒருநாள் காலையில் அந்த முகம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் டிபன் டப்பாவுமாக அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு, இந்த ஆள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றினதே இல்லை. வந்து உட்காருவார், முகத்தைப் பார்ப்பேன், பாவம் களைத்து வந்திருக்கிறார் என்று தட்டை நானே எடுப்பேன். தினமும் ஒன்பது மணி நேரம் தூங்குகிறார் என்று ஊருக்கெல்லாம் சத்தியம் செய்தவள் நான், நானே அந்தப் பையை நம்பியிருக்கிறேன். துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தேன். "என்னது?" என்றார். "துடைப்பம்" என்றேன். அன்றிலிருந்து பெருக்குவது, பாத்திரம் தேய்ப்பது, துணி உலர்த்துவது மூன்றும் அவர். நன்றாகவே செய்கிறார். இதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

கடையில் மேனேஜர் இவரைத் தலையணை உறையிலிருந்து மீட்டு, வாசல் பக்கமே நிறுத்தினார். அங்கேயும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. இவர், "இதுல படுத்தா நல்லாத் தூக்கம் வரும் சார்" என்றால், வருகிறவர்கள் அந்தப் பளிச்சென்ற முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும் தம்பி, எங்க கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். இவருக்கு ஐம்பத்து இரண்டு. சொன்னவர்களில் ஒருவருக்கு நாற்பத்து ஐந்துதான் இருக்குமாம். இரண்டு வாரத்தில் ஒரு மெத்தைகூட இவர் கையால் போகவில்லை. அப்போதுதான் மேனேஜருக்கு அந்த யோசனை வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று டாக்டர் எடுத்துக் கொடுத்த இரண்டு படங்களை இவர் போனில் வைத்திருந்தார். மேனேஜர், "சார், சும்மா பாக்கணும், அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மறுவாரம் கடை வாசலில் பத்தடி பேனர். இடது பக்கம் பையோடு உங்கள் தம்பி, அடியில் 'வீட்டில் இருந்த பழைய மெத்தை'. வலது பக்கம் பை இல்லாமல், அடியில் 'எங்கள் மெத்தை: மூன்றே வாரத்தில்!' கடை இருப்பது சிக்னலுக்கு எதிரே. சிவப்பு விளக்கு தொண்ணூறு வினாடி எரியும். அதற்குள் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கூட இரண்டு தடவை படித்துவிடலாம்.

என் அலுவலகத்தில் எல்லோரும் படித்தார்கள். "பாவம் உங்க வீட்டுக்காரர், இத்தனை வருஷம் எதுல படுக்க வெச்சிருந்தீங்க?" என்று பிரிவு அலுவலர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணனின் நண்பர் ஒருவரும் அந்த வழியாகப் போய், படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதன்பிறகுதான் உங்கள் போன். "நான் சொன்னப்பல்லாம் வாயத் தொறக்கல, இப்போ ஊரே போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கு பாத்தியா!" என்று நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். மேனேஜரிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "தம்பி, அந்த பேனர எடுத்துடுங்க, அதுல போட்டிருக்கிறது பொய்." அவர், "மேடம், விளம்பரம்னா அப்படித்தான், நம்ம சார் இப்போ ஊருக்கே தெரிஞ்ச முகம்" என்றார். கடையில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மெத்தையில் உட்கார்ந்து குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பழைய மெத்தைக்காரி இவள்தானா என்று. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது, பின்னாலிருந்து உங்கள் தம்பி வந்தார். வீட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லாத மனிதர், பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்காத மனிதர், கடை நடுவில் நின்று, "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மெத்தையால ஒண்ணும் போகல. என் வீட்டுக்காரி என்னை ஒருநாளும் தூங்க விடாம இருந்ததில்ல. நான் தினம் ஒன்பது மணி நேரம் தூங்கறவன். எனக்கு இருந்தது களைப்பு இல்ல, கொழுப்பு!" என்று கத்தினார். அந்த ஜோடியில் இருந்த பையன் உடனே, "அந்த டாக்டர் நம்பர் கிடைக்குமா சார், எங்க மாமாவுக்கு" என்று கேட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவேசத்தில் வெளியே போய் நாற்காலி போட்டு ஏறி, பேனரைத் தன் கையாலேயே கிழித்தார். அது நடுவில் கிழிந்து வலது பாதி மட்டும் கையோடு வந்தது. இடது பாதியைக் கட்டியிருந்த கம்பி மேலே மாட்டிக்கொண்டது, ஏணி கொண்டுவரப் போனவர் வியாழக்கிழமைதான் வந்தார். ஆக மூன்று நாள், பையோடு இருக்கிற உங்கள் தம்பி மட்டும் தனியாக, 'வீட்டில் இருந்த பழைய மெத்தை' என்ற எழுத்தோடு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போகவில்லை. மெத்தை சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைக் கவனிக்கும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். முதல் நாளே, தூக்கம் வரவில்லை என்று கண் வீங்கி வந்த ஒரு அம்மாவிடம் நல்லெண்ணத்தில், "இது களைப்பு இல்லம்மா, உங்களுக்குக் கொழுப்பு" என்று சொல்லப்போய், அந்த அம்மாவின் கணவர் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பித்தான் இரண்டு போய்விட்டது. தைத்துக்கொண்டார், அவரே.

அன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் பார்த்த உடனே இன்றைக்கு எப்படி என்று நானே முடிவு செய்துகொள்வேன், அது தப்பு என்பது வேறு விஷயம். இப்போது பார்க்க ஒன்றுமில்லை. அதனால் வாய்விட்டு, "களைப்பா இருக்கா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "இருக்கு" என்றார். இந்த இருபத்து நான்கு வருடத்தில் நான் கேட்டு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை அண்ணி. பாத்திரத்தை அன்றைக்கு இரண்டு பேருமாகத் தேய்த்தோம்.

ஆகவே அண்ணி, உங்கள் தம்பியின் கண்ணுக்குக் கீழே இருந்தது பரம்பரையாக வந்தது என்பதும், அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதும் மருத்துவரின் வாயாலேயே நிரூபணமாகியிருக்கிறது. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு நடை வந்து தம்பியை நேரில் பார்த்துவிட்டுப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். அண்ணனுக்கு எங்கள் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு அன்பு. எங்கள் மூவருக்கும் உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
தம்பி மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், பரம்பரை என்பதற்கு ஆதாரமாகப் பழைய படம் ஒன்றை இணைக்கலாம் என்று எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒன்றில்கூட உங்கள் தம்பியின் கண்ணுக்குக் கீழே பை இல்லை. பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் இல்லை. மகளின் பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தேன், நிழல்கூட இல்லை. பார்க்கிறவர்கள், பை வந்ததே நான் வந்த பிறகுதான் என்பார்கள். டாக்டரிடம் போன் செய்து கேட்டதில், "வயசாக ஆகத்தாம்மா வெளிய தெரியும்" என்றார். நீங்கள் இதை நம்புவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன். எனவே மேலே கண்ட அனைத்தும் ரத்து செய்யப்பட்டதாகக் கருதவும். இன்று முதல் எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் காணவில்லை.